அடுப்பு வாடகை

பாபு ராவ் தெருவில் கடை.
ஸ்டவ், குக்கர், ரெண்டு தட்டு, ஒரு கரண்டி
நாளைக்கு அறுபது ரூபாய்.
பெரியாஸ்பத்திரிக்கு ரயிலேறி வந்து
லாட்ஜில் மாசக்கணக்கில் கிடப்பவர்கள்
நம்ம குழம்பு தொண்டையில் இறங்காமல்
தாங்களே பொங்கிக்கொள்ள எடுத்துப்போவார்கள்.
அப்படித்தான் எனக்குப் பெங்காலி வந்தது,
திரும்பிவரும் பாத்திரத்தின் அடியில்
ஒட்டியிருக்கும் சோறு மாதிரி.

முதலில் விலை: கொதோ, பேஷி, கொம்.
அப்புறம் நோவு: ஜொர், ப்யதா, ரொக்தோ.
எங்கே வலிக்குது என்று கேட்கத் தெரியும்.
பதினோரு வருஷத்தில்
கல்யாணத்துக்கு என்ன சொல் என்று
ஒருத்தரும் கொண்டுவந்து தரவில்லை.

தண்ணியில் ஒருமுறை மாட்டிக்கொண்டேன்.
கல்கத்தாக்காரரிடம் பானி என்றேன்.
முகம் கொஞ்சம் மடங்கியது. ஜோல், என்றார்.
அதையே டாக்கா ரெஹானாவிடம் சொன்னால்
எங்களுக்குப் பானிதான் தீதி, என்று சிரிக்கிறாள்.
எனக்கென்ன இது புதுசா?
அம்மா பத்துப்பாத்திரம் தேய்த்த வீட்டில்
வாசலில் நின்று ஜலம் என்போம்,
வீட்டுக்கு வந்து தண்ணி என்போம்.
பாலாற்றில் இல்லாத ஒன்றுக்கு
இத்தனை பேர்.

பதினாலாம் நம்பர் ரூமுக்கு மிதாலி வந்தாள், மால்டாவிலிருந்து.
புருஷனுக்கு ரத்தத்தில் கோளாறு.
ஒரு சாயங்காலம் விரல் மடக்கி
தனக்கு வந்த தமிழையெல்லாம் ஒப்பித்தாள்:
தள்ளு.
சில்லறை இல்ல.
லைன்ல நில்லு.
நாளைக்கு வா.
உச்சரிப்பு சுத்தம். ஒரு எழுத்து பிசகவில்லை.
நான் தலை நிமிராமல்
துடைத்த குக்கரையே திரும்பத் துடைத்தேன்.
பிறகு என் பங்குக்கு ஒன்று கொடுத்தேன்:
சாப்டியா.

அதை அவள் ஊரெல்லாம் செலவழித்தாள்.
ஆட்டோக்காரரை, லேப் பையனை,
கேட்டில் குச்சியோடு நிற்கும் வாட்ச்மேனை.
அந்த ஆள் கத்த வாயெடுத்தவன்
குச்சியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
இன்னும் இல்லம்மா என்றானாம்.
நீ இன்னா சாப்ட, என்றும் கேட்டானாம்.
அதற்குப் பதில் நான் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

காசு எப்போ என்றால் கால் என்பாள்.
நான் குனிந்து அவள் காலைப் பார்த்தேன்.
நாளைக்கு என்று அர்த்தம்.
நேற்றுக்கும் அதே சொல்தானாம்.
அன்றிலிருந்து கையை முன்னால் ஒருமுறை,
முதுகுக்குப் பின்னால் ஒருமுறை காட்டிப் பேசினோம்.
டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டபோது
கால், என்றாள்.
கை எந்தப் பக்கமும் போகவில்லை.

ஒருநாள் விடியலில்
ஸ்டவ்வை வைத்துவிட்டு நின்றாள்.
தெருமுனையில் ஆட்டோ, காட்பாடிக்கு.
ஒரே பெட்டி.
தாதா என்றால் அவர்களுக்கு அண்ணன், தெரியும்.
கோத்தாய் என்றால் எங்கே, அதுவும் தெரியும்.
ரெண்டையும் சேர்த்துக் கேட்க
எனக்கு வாய் வரவில்லை.
ஆஷி, என்றாள். போனாள்.

ஆஷி என்றால் வரேன்.
வருவாள் என்று ஸ்டவ்வை எடுத்து வைத்தேன்.
திரி மாற்றினேன்.
மூணு நாளில் நாலு பேர் கேட்டார்கள்,
ஆள் இருக்கு என்றேன்.
கடைசியில் ரெஹானாதான் சொன்னாள்:
அது கிளம்பும்போது சொல்வது தீதி,
போறேன் என்று நாங்கள் சொல்லமாட்டோம்.

எதிர் மெடிக்கல்காரருக்கு ராத்திரி ஷட்டரை இழுத்துவிட்டு
தினம் நான் என்ன சொல்கிறேன்?

ஸ்டவ் இப்போது இருபத்திரெண்டாம் நம்பரில் இருக்கிறது,
அஸ்ஸாம்காரர்கள்.
நோட்டில் மிதாலி பேருக்கு நேரே
அந்த மூணு நாளை எழுதுவதா அடிப்பதா தெரியாமல்
பாக்கி என்று போட்டிருக்கிறேன்.
அந்தச் சொல்லை மட்டும்
யாரிடமும் யாரும் கற்கவேண்டி இருக்கவில்லை.
அங்கேயும் பாக்கிதான்.